ஃபோமும் ரெசினும் ஒத்துப்போகாதபோது: சர்ஃப் போர்டு கட்டுவோருக்கான பிழை நீக்கும் வழிமுறை

பெங்களூரில் மொட்டை மாடியிலோ கார் ஷெட்டிலோ போர்டு கட்டி, சென்னைப் பக்கத்துக் கோவளத்துக்கோ மங்களூர்ப் பக்கத்து முல்கிக்கோ கொண்டுபோகிறவர்களுக்கு இது. ஃபோமைச் செதுக்கி, கண்ணாடி நார்த் துணி (கிளாத்) போர்த்தி, ரெசின் ஊற்றி இறுகவைத்தால் அதுதான் போர்டு. அறிகுறியைத் தேடிப் பிடித்து அந்தப் பகுதியை மட்டும் படித்தால் போதும். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், கையைக் கடிக்கும் காரணம் கடைசியில் வரும்.

எதற்கும் முன்: கையில் இருப்பது எது?

ஃபோம்: வெட்டிப்போட்ட துண்டில் ஒரு சொட்டு அசிட்டோன் விடுங்கள். குழி விழுந்தால் அது தெர்மாகோல் இனம். முத்து முத்தாகத் தெரிந்தால் ஈ.பி.எஸ், முத்தே தெரியாமல் வழுவழுவென்று கலர் பலகையாக இருந்தால் எக்ஸ்.பி.எஸ். அசிட்டோனுக்கு அசையாமல் இருந்தால் பி.யூ. (பாலியூரித்தேன்).

ரெசின்: கூடவே ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட்டை ஒரு சின்ன பாட்டிலில் கொடுத்து "நூற்றுக்கு ஒன்றரை போடு" என்று சொல்லியிருந்தால் பாலியெஸ்டர் அல்லது வினைல் எஸ்டர். இறுகவைக்கும் ஹார்ட்னர் தனியாகப் பெரிய டப்பாவில் வந்தால் எபாக்ஸி.

பி.யூ. மேல் இரண்டும் போடலாம். தெர்மாகோல் மேல் எபாக்ஸி மட்டும்தான். கீழே வரும் தொல்லைகளில் பல இந்த ஒரு வரியை மறந்ததால் வருபவை.

அறிகுறி 1: ரெசின் பட்ட இடத்தில் ஃபோம் உருகிப் பள்ளம் விழுகிறது

*ஊற்றின சில நிமிடத்திலேயே உருகினால்:* தெர்மாகோல் மேல் பாலியெஸ்டர் போயிருக்கிறது. அதிலுள்ள ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைக்கும். வினைல் எஸ்டரும் அப்படியே. துடைத்துக் காப்பாற்ற முடியாது. பட்ட பகுதியை வெட்டியெடுத்து அதே அடர்த்தி ஃபோம் துண்டை எபாக்ஸியால் ஒட்ட வேண்டும். "மேலே ஃபெவிகால் தடவிவிட்டுப் பாலியெஸ்டர் போடலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரு ஊசித்துளை விட்டுப்போனால் போதும், அதன் வழியே இறங்கி உள்ளே குகை தோண்டிவிடும்.

*எபாக்ஸிதான், ஆனாலும் கிளாத்துக்கு அடியில் பள்ளம்:* ஸ்ப்ரே பெயின்ட், தின்னர், ரப்பர் பசை, இவற்றில் ஒன்று முன்பே பட்டிருக்கும். ஃபோம் மேல் நிறம் வேண்டுமென்றால் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் மட்டும் அடியுங்கள்.

*ஃபின் பிளக் (அடித்துடுப்பைச் செருகும் கூடு) குழியில் மட்டும் உருகினால்:* சூடு. ஆழமான குழியில் எபாக்ஸியை ஒரே மூச்சில் நிரப்பினால் அது தன் சூட்டிலேயே கொதித்து, சுற்றியுள்ள தெர்மாகோலைச் சுருக்கிவிடும். குழியின் சுவரில் முதலில் மெல்லிய பூச்சு கொடுத்து இறுகவிடுங்கள். அப்புறம் இரண்டு தவணையாக நிரப்புங்கள். வேகமான ஹார்ட்னரை இங்கே தொடவே வேண்டாம்.

அறிகுறி 2: ரெசின் இறுகவில்லை

இதில் பிரிவுகள் பல. முதலில் எது என்று பாருங்கள்.

*2அ. பாலியெஸ்டர், மேல்புறம் மட்டும் பிசுபிசுப்பு, நகத்தால் அழுத்தினால் அடியில் கெட்டி*

இது பிழையே இல்லை. மெழுகு சேர்க்காத ரெசின் காற்றுப் படும் பக்கம் ஒட்டிக்கொண்டே இருக்கும். அடுத்த கோட் அதனால்தான் நன்றாகப் பிடிக்கிறது. கடைசிக் கோட்டில் மட்டும் மெழுகுக் கரைசல் கலந்து ஊற்றினால் காய்ந்து உப்புத்தாள் போட வரும்.

ஆபத்து இதற்கு நேர்மாறானது. எஃப்.ஆர்.பி. (கண்ணாடி நார், ரெசின் விற்கும்) கடையில் "ஜி.பி. ரெசின்" என்று கொடுக்கும் சாதாரண பாலியெஸ்டரில் சிலது மெழுகு போட்டது, சிலது போடாதது. "அண்ணே, இது மெழுகு போட்டதா, போடாததா?" என்று வாங்கும்போதே கேட்டு டப்பாவில் எழுதிக்கொள்ளுங்கள். மெழுகு போட்டதை முதல் கோட்டாகப் போட்டு, அது காய்ந்தபின் உப்புத்தாள் போடாமல் இன்னொரு கோட் ஊற்றினால், கொஞ்ச நாளில் அப்பளம் மாதிரி உரிந்து வரும்.

*2ஆ. பாலியெஸ்டர், முழுவதுமே ரப்பர் மாதிரி*

கேட்டலிஸ்ட் அளவைப் பாருங்கள். எடையில் 1 முதல் 2 சதவீதம். 250 கிராம் ரெசினுக்கு 1.5 சதவீதம் என்றால் 3.75 கிராம், மருந்துக்கடை சிரிஞ்சில் சுமார் 3.3 மில்லி. "மூடியில் பாதி" என்பதெல்லாம் கணக்கில் சேராது. 20 டிகிரி குளிரில் 2 சதவீதம் பக்கம், 30 டிகிரி வெயிலில் 1 சதவீதம் பக்கம். 1-க்குக் கீழே இறங்கினால் நாள்கணக்கில் காத்திருந்தாலும் முழுதாக இறுகாது.

அளவு சரியென்றால் அடுத்த சந்தேகம் கோபால்ட், அதாவது இறுகுவதை முடுக்கிவிடும் திரவம். நன்கு கலந்த ரெசின் பெரும்பாலும் இளஞ்சிவப்பு அல்லது ஊதாச் சாயலில் இருக்கும். வெளிறித் தண்ணீர் நிறத்தில் இருந்தால் கோபால்ட் சேர்க்காததாக இருக்கலாம். கடையில் கலந்தே வாங்குங்கள். நீங்களே கலப்பதாக இருந்தால் முதலில் கோபால்ட்டை ரெசினில் முழுக்கக் கலக்கி முடித்தபிறகுதான் கேட்டலிஸ்ட் பாட்டிலைத் திறக்க வேண்டும். கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் நேருக்கு நேர் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். இரண்டுக்கும் ஒரே சிரிஞ்ச் கூடாது, இரண்டையும் ஒரே அலமாரியிலும் வைக்கக் கூடாது.

*2இ. எபாக்ஸி, திட்டுத் திட்டாக மென்மை*

கலக்கியது போதவில்லை. கப்பின் சுவரையும் அடி மூலையையும் வழித்து 2 நிமிடம் கலக்கி, இன்னொரு கப்புக்கு மாற்றி மறுபடி 1 நிமிடம். முதல் கப்பின் சுவரில் ஒட்டியிருப்பதை வழித்துப் போர்டில் தேய்க்காதீர்கள். மென்மைத் திட்டு பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

*2ஈ. எபாக்ஸி, முழுவதும் மென்மை*

விகிதம். டப்பாவில் போட்டிருப்பது எடைக் கணக்கா, அளவைக் கணக்கா? 100-க்கு 30 என்று எடைக்குப் போட்டதை மில்லியில் அளந்தால், ஹார்ட்னர் லேசானது என்பதால் சுமார் 17 சதவீதம் குறைந்துபோகும். எஸ்.பி. ரோட்டில் 0.1 கிராம் காட்டும் நகைத் தராசு வாங்கிவிடுங்கள். ஒரு பேட்ச் ரெசின் வீணாவதை விட அதன் விலை குறைவு. பாலியெஸ்டர் பழக்கத்தில் "சீக்கிரம் இறுகட்டும்" என்று ஹார்ட்னரைக் கூட்டிப் போடுவது எபாக்ஸியில் நடக்காது. கூடினாலும் குறைந்தாலும் மென்மைதான்.

விகிதம் சரி, ஆனால் டிசம்பர் என்றால் குளிர்தான் காரணம். இரவு 15 டிகிரிக்கு இறங்கும் ஊரில் எபாக்ஸி தூங்கிவிடும். அறையை 25 டிகிரிக்கு மேல் ஒரு நாள் வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் எழுந்துவிடும்.

சூடு காட்டியும் 3 நாளில் நகம் பதிகிறது என்றால் விகிதம் தப்பியது உறுதி. மேலே சரியான எபாக்ஸி ஊற்றி மூடினால் தீராது. கிளாத்தோடு உரித்து, ஃபோமைச் சுரண்டி, புதிதாகப் போடுவதுதான் வழி.

*2உ. எபாக்ஸி இறுகிவிட்டது, ஆனால் மேலே எண்ணெய்ப் படலம்*

ஜூன் முதல் அக்டோபர் வரை ஈரக்காற்றில் இது சகஜம். அசிட்டோனால் துடைத்தால் பரவத்தான் செய்யும். வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் போதும். தேய்த்துக் கழுவி, உலரவிட்டு, அப்புறம் உப்புத்தாள். கழுவாமல் தேய்த்தால் அந்தப் படலத்தைத் தாளே உள்ளே அழுத்திவிடும்.

அறிகுறி 3: கப்பிலேயே சூடாகி, புகைந்து, கட்டியாகிறது

ஒரு தடவைக்கு 250 கிராமுக்கு மேல் கலக்காதீர்கள். கலக்கியதும் அகலமான தட்டில் ஊற்றுங்கள், அல்லது நேரே போர்டில் ஊற்றிப் பரப்புங்கள். வெப்பம் 10 டிகிரி கூடினால் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகும். மதியம் 2 மணிக்கு 12 நிமிடம் கிடைப்பது அதிகாலையில் 25 நிமிடம் நீளும். புகையும் கப்பைக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். வெளியே மண்ணில் வையுங்கள்.

அறிகுறி 4: கிளாத்தில் ஊசித்துளை, குமிழ்

தெர்மாகோலின் தலையாய தொல்லை இது. முத்துக்களுக்கு இடையே உள்ள காற்று சூட்டில் விரிந்து, இறுகாத ரெசினைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. எனவே கவனிக்க வேண்டியது அறையின் வெப்பத்தை அல்ல, அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை.

*முதல் சோதனை, நேரம்:* காலை 9 மணிக்குக் குளிர்ந்த ஃபோமில் ஊற்றினீர்களா? மதியம் வரை வெயில் ஏற ஏறக் குமிழ் வரும். ஃபோமை மதியம் முழுக்க அறையில் வைத்துச் சூடேறவிட்டு, மாலை 4, 5 மணிக்கு வெயில் இறங்கும்போது ஊற்றுங்கள். ஃபோம் குளிரக் குளிர ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும், வெளியே தள்ளாது. டிசம்பர், ஜனவரியில் இது சிக்கலாகிறது. மாலையில் ஊற்றினால் இரவில் இறுகாது. அப்போது ஆயில் ஹீட்டரால் மூடிய அறையை 28 டிகிரிக்கு ஏற்றி, ஃபோமை 3 மணி நேரம் அங்கே ஊறவைத்து, ஹீட்டரை அணைத்துவிட்டு ஊற்றுங்கள். ரெசின் விரலில் நூலாக இழுக்காத பதம் வந்ததும் ஹீட்டரை மறுபடி போடலாம். தீ எரியும் அடுப்போ, கரி அடுப்போ கூடவே கூடாது.

*இரண்டாவது, அடைப்புப் பூச்சு:* ஃபோமை அடைக்காமல் நேரே கிளாத் போட்டீர்களா? எபாக்ஸியில் மைக்ரோ பலூன் என்னும் லேசான நிரப்புத் தூளைத் தேன் பதத்துக்குக் கலந்து, பிளாஸ்டிக் அட்டையால் இழுத்து வழித்து, முத்து இடுக்குகளை மட்டும் நிரப்புங்கள். அடையாகத் தங்கக் கூடாது. வழித்தபிறகும் முத்துக்களின் தலை தெரிய வேண்டும். 6 அடிப் போர்டுக்கு இரு பக்கமும் சேர்த்து 150 கிராம் எபாக்ஸி சரியாக இருக்கும்.

*மூன்றாவது, ஃபோமே:* பேக்கிங் தெர்மாகோல் என்றால் முத்துக்களுக்கு நடுவே எறும்பு போகும் வழி இருக்கும். எவ்வளவு பூசினாலும் தீராது. வேறு ஃபோம் வாங்குங்கள்.

வந்துவிட்ட துளைகளுக்கு: கெட்டியாகக் கலந்த மைக்ரோ பலூனை விரலால் அழுத்தித் தேய்த்து, இறுகியபின் 120 நம்பர் தாள். துளையை விட்டுவிட்டு மேல்கோட் ஊற்றினால் அதே இடத்தில் மறுபடி திறந்துகொள்ளும்.

அறிகுறி 5: கிளாத் தெளியாமல் வெள்ளையாகவே நிற்கிறது

- ஸ்குவீஜியை (ரெசின் வழிக்கும் பட்டையை) அதிகம் அழுத்தி ரெசினை வழித்துவிட்டால் நெய்த வரிகள் வெள்ளையாகத் தெரியும். ஈரமாக இருக்கும்போதே கொஞ்சம் ஊற்றி 2 நிமிடம் ஊறவிடுங்கள்.
- ரயிலில் (போர்டின் பக்க ஓரத்தில்) மட்டும் வெள்ளை என்றால் ரெசின் ஒழுகிவிட்டது. ஆர்ட் ரெசின் என்று மேசைக்கும் நகைக்கும் விற்கிறார்களே, அதைப் போட்டிருப்பீர்கள். அது தண்ணீர் மாதிரி ஓடும், இறுக ஒரு நாளுக்கு மேல் எடுக்கும், செங்குத்தான இடத்தில் நிற்காது. லாமினேட் செய்வதற்கான எபாக்ஸி என்று கேட்டு வாங்குங்கள்.
- மழைக்காலத்தில் திறந்துவைத்த கிளாத் ஈரம் குடித்திருக்கும். பாலித்தீன் பையில் கட்டி வைத்திருங்கள்.
- நெய்த கிளாத்துக்குப் பதிலாக நார் சிதறிய மேட் வாங்கியிருந்தால், பிழை அங்கேதான். மேட்டைப் பிடித்திருக்கும் பசை ஸ்டைரீனில் கரைவதற்காக வைத்தது. எபாக்ஸியில் கரையாது, விறைத்துக்கொண்டு நிற்கும், வளைவில் படியாது. போர்டுக்குச் சதுர மீட்டருக்கு 135 அல்லது 200 கிராம் நெய்த கிளாத்தான் வேண்டும். தொழிலில் இவற்றையே 4 அவுன்ஸ், 6 அவுன்ஸ் என்பார்கள்.

அறிகுறி 6: மேல்கோட்டில் வட்ட வட்டமாக ரெசின் விலகி நிற்கிறது

கை எண்ணெய், சிலிகான் ஸ்ப்ரே, வேக்ஸ், இதில் ஏதோ ஒன்று. ஈரமாக இருந்தால் பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். இறுகிவிட்டால் 80 நம்பர் தாள், துடைப்பு, மறுகோட். அவ்வளவுதான்.

அறிகுறி 7: கிளாத் ஃபோமை விட்டுத் தூக்கிக்கொண்டது

இரண்டு ரூபாய் நாணயத்தால் போர்டு முழுக்கத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் "டக் டக்" என்னும். விட்ட இடத்தில் "பொத்" என்று ஒலி விழும். பென்சிலால் வட்டம் போடுங்கள்.

*கடலுக்குப் போய் வந்தபின் தூக்கியிருந்தால்:*

முதல் காரணம் கார். மூடிய கார் வெயிலில் 60 டிகிரி தாண்டும். அறை வெப்பத்தில் இறுகிய எபாக்ஸி அந்தச் சூட்டுக்கு இளகும், உள்ளே அடைபட்ட காற்றின் அழுத்தமும் 12 சதவீதம் போல ஏறும். கிருஷ்ணகிரியில் சாப்பிட நிறுத்தும் அரை மணி நேரம் போதும். வெள்ளிப் பூச்சு உறை போடுங்கள், ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவையுங்கள், நிழல் தேடுங்கள். கருப்புப் பெயின்ட் அடித்த தெர்மாகோல் போர்டு வேண்டுமென்று ஆசைப்படாதீர்கள்.

இரண்டாவது, பெங்களூர்க்காரர்களுக்கே உரியது, உயரம். ஊர் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 920 மீட்டரில் இருக்கிறது. காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறக்குறைய 10 சதவீதம் குறைவு. கோவளத்தில் வென்ட் பிளக்கை (போர்டின் காற்றுத் துளைக்கான மூடியை) திறந்து மூடிவிட்டு மேலே ஏறினால், உள்ளே கடற்கரைக் காற்று, வெளியே மலைக்காற்று. உள்ளங்கை அளவு இடத்தில் 10 கிலோ உள்ளிருந்து தள்ளுகிற கணக்கு இது. இறங்கும்போது கதை தலைகீழ்: பெங்களூரில் மூடிய போர்டு கடலில் இறங்கியதும் சின்ன வெடிப்பு வழியாகவும் தண்ணீரை உறிஞ்சும்.

அதனால் வழியெல்லாம் வென்ட் திறந்திருக்கட்டும். கரையில் போர்டை நிழலில் ஆறவைத்து, தண்ணீரில் இறங்கும் முன் மூடுங்கள். வெளியே வந்து பிளக்கைச் சுற்றி நன்கு துடைத்தபின் திறங்கள். இந்த ஒழுங்கு வராது என்றால் காற்று விட்டு நீர் விடாத சவ்வு வைத்த பிளக் வாங்கிவிடுங்கள். பி.யூ. போர்டுக்கு வென்ட் தேவையில்லை, ஆனால் கார் சூடு அதையும் விடாது.

*கட்டிய சில நாளிலேயே தூக்கினால்:* உப்புத்தாள் தூசியை ஊதாமல் கிளாத் போட்டது, இல்லையென்றால் எக்ஸ்.பி.எஸ். இந்தக் கலர் பலகை தண்ணீர் குடிக்காது, பார்க்க மழமழவென்று இருக்கும், வாங்கத் தோன்றும். ஆனால் தன்னுள் இருக்கும் வாயுவை மாதக்கணக்கில் விட்டுக்கொண்டே இருக்கும், கிளாத்தும் சரியாகப் பிடிக்காது. 60 நம்பர் தாளால் சொரசொரப்பாக்கிப் போடுகிறவர்கள் உண்டு. முதல் போர்டுக்கு வேண்டாம்.

*சரிசெய்ய:* உள்ளங்கைக்குச் சிறியது என்றால் இரு ஓரத்தில் 3 மில்லிமீட்டர் துளை. ஒன்றில் சிரிஞ்சால் எபாக்ஸி செலுத்துங்கள், மற்றதில் எட்டிப் பார்க்கும்போது நிறுத்துங்கள். மேலே பாலித்தீன், அதன்மேல் மணல் பை, 24 மணி நேரம். உள்ளே ஈரம் இருந்தால் முதலில் அதை உலர்த்த வேண்டும். அறிகுறி 9-ஐப் பாருங்கள்.

*ஆளைக் கூப்பிட:* நிற்கும் இடம் முழுக்க விட்டுவிட்டது, வட்டம் ரயிலைத் தொடுகிறது, ஸ்ட்ரிங்கர் (நடுவே ஓடும் மரச் சட்டம்) பிளந்திருக்கிறது. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் கடற்கரை ஊரில் போர்டு ரிப்பேர் செய்கிறவரிடம் கொடுங்கள். பீன்யா பக்கத்து எஃப்.ஆர்.பி. பட்டறைக்குத் தண்ணீர்த் தொட்டியும் கூரையும் பழக்கம். தெர்மாகோல் என்று சொல்லாமல் கொடுத்தால் கைப்பழக்கத்தில் பாலியெஸ்டர் ஊற்றிவிடுவார்கள். போர்டின் மேலேயே மார்க்கரில் "எபாக்ஸி மட்டும்" என்று எழுதிக் கொடுங்கள்.

அறிகுறி 8: குதிகால் குழி, ஒரே சீசனில் உடைவு

கடைக்காரர் "ஹை டென்சிட்டி" என்றால் நம்பாதீர்கள், எடை போடுங்கள். பக்கத்துக்கு 10 சென்டிமீட்டர் வீதம் ஒரு கன சதுரம் வெட்டி நகைத் தராசில் வையுங்கள். காட்டும் கிராம்தான் அடர்த்தி: 20 கிராம் என்றால் கன மீட்டருக்கு 20 கிலோ. 15-க்குக் கீழே பேக்கிங் சரக்கு. 24 முதல் 28 வரை தினப்படி போர்டுக்கு நல்லது. 16 கிலோ ஃபோமிலும் போர்டு வரும், ஆனால் கிளாத்தைக் கூட்ட வேண்டும். மிச்சம் பிடித்த எடை திரும்பி வந்துவிடும்.

குளிர்பதன அறைக்கு விற்கும் பஃப் பலகை அடர்த்தி 40 பக்கம் வரும், பி.யூ. இனம்தான். ஆனால் விரலால் தேய்த்தால் பொடியாக உதிரும், குமிழ் அளவும் சீராக இருக்காது. பயிற்சிக்கு வடிவம் செதுக்கிப் பார்க்கலாம், கடலுக்கு வேண்டாம். போர்டுக்கென்று வார்த்த பி.யூ. பிளாங்க்குக்கு (செதுக்கத் தயாரான ஃபோம் கட்டைக்கு) பதில் ஆகாது. 2005 டிசம்பரில் அமெரிக்காவின் கிளார்க் ஃபோம் திடீரென மூடியபோது உலகமெங்கும் பிளாங்க் தட்டுப்பாடு வந்தது. பலர் தெர்மாகோலுக்கும் எபாக்ஸிக்கும் தாவியது அப்போதுதான்.

ஃபோம் சரி, கிளாத் குறைவு என்றால் மேல்புறத்துக்கு 200-ம் 135-ம் ஒவ்வொரு அடுக்கு, கீழ்ப்புறத்துக்கு 200 ஒரு அடுக்கு என்று போடுங்கள். குழி மட்டும் விழுந்து கிளாத் வெடிக்கவில்லையென்றால் அப்படியே ஓட்டலாம்.

அறிகுறி 9: போர்டு கனக்கிறது

*கட்டி முடித்ததுமே கனம்:* ரெசின் கூடிவிட்டது. கையால் போடும்போது கிளாத் எடைக்குச் சமமாக ரெசின் என்பது குறி. 6 அடி, 30 லிட்டர் போர்டுக்கு 24 கிலோ அடர்த்தியில் ஃபோம் 720 கிராம், கிளாத் 430, அதைப் பிடிக்க ரெசின் 500, அடைப்புப் பூச்சு 150, மேல்கோட் 300. ஸ்ட்ரிங்கர், ஃபின் பிளக் சேர்த்து 2.5 கிலோ பக்கம் வர வேண்டும். 3.5 காட்டினால் தெர்மாகோல் குடித்திருக்கிறது, அல்லது மேல்கோட்டைத் தோசை மாவு மாதிரி ஊற்றியிருக்கிறீர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் எடை எழுதி வைத்தால் எங்கே கூடியது என்று தெரிந்துவிடும்.

*கடலுக்குப் போய் வந்தபின் கனம்:* தண்ணீர் புகுந்திருக்கிறது. போர்டை வெயிலில் 10 நிமிடம் வைத்து, சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். நுரை எழும் இடம்தான் ஓட்டை. பெரும்பாலும் ஃபின் பிளக் ஓரம், லீஷ் பிளக் (கால் கயிறு கட்டும் இடம்), மூக்கு நுனி. அங்கே கிளாத்தைக் கொஞ்சம் திறந்து, அந்தப் பக்கம் கீழே வருமாறு நிழலில் தொங்கவிடுங்கள். தினம் ஒரே நேரத்தில் எடை போடுங்கள். மூன்று நாள் தொடர்ந்து ஒரே எடை காட்டும்வரை மூடக் கூடாது. மழைக்காலத்தில் 3, 4 வாரம் ஆகும். ஹேர் டிரையர் வைத்து அவசரப்படுத்தினால் அறிகுறி 7-க்குப் போக வேண்டிவரும்.

ஈரத்தோடு வாரக்கணக்கில் தொங்கவிட்டும் எடை இறங்கவில்லை, அல்லது கட்டின எடையைவிட அரைக் கிலோவுக்கு மேல் கூடியிருக்கிறது என்றால் கிளாத்தைப் பெரிய அளவில் உரித்தாக வேண்டும். அந்த வேலையை ரிப்பேர்காரரிடம் விட்டுவிடுங்கள். விலை கேட்டுவிட்டுப் புது ஃபோம் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பல நேரம் புது ஃபோம்தான் மலிவு.

கைக்கும் மூச்சுக்கும் வரும் அறிகுறி

மணிக்கட்டில் அரிப்பு, சிவந்த தடிப்பு, கண் இமை வீக்கம் என்றால் எபாக்ஸி ஒவ்வாமை தொடங்கிவிட்டது. கையுறை மாற்றிப் பார்ப்பதெல்லாம் வேண்டாம். வேலையை நிறுத்தி, தோல் மருத்துவரிடம் ஹார்ட்னர் டப்பாவின் லேபிளைப் படம் எடுத்துக் காட்டுங்கள். ஒருமுறை வந்தால் அடுத்தமுறை இன்னும் குறைந்த அளவுக்கே வரும். பாலியெஸ்டர் வாசனையில் தலை சுற்றினால் துணி முகக்கவசம் உதவாது. ஆவியைப் பிடிக்கும் கரி கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும். அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் பாலியெஸ்டர் போடவே போடாதீர்கள். ஸ்டைரீன் வாடை மூன்று மாடிக்கு ஏறும், அசோசியேஷன் கூட்டத்தில் முதல் பேச்சு உங்களைப் பற்றித்தான் இருக்கும்.